முதலாளி கேட்ட பூ

அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. 'டேய்' என்று ஒருத்தரைக் கூப்பிட்டதில்லை. மில்லில் மூட்டை தூக்குகிறவனைக்கூட 'வாப்பா', 'போப்பா' என்பார். குரல் அவ்வளவு மெல்லியது. என்ன சொல்கிறார் என்று கேட்க நாம்தான் குனிய வேண்டும். குனிந்தோமா, தொலைந்தோம். "நான் இன்னாத்த சொல்றது? நீங்களே சொல்லுங்க" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டு வயிறு எரியாத ஆள் அந்தக் காலத்துச் செஞ்சியில் கிடையாது.

பேரை எழுதப் போவதில்லை. அந்த மரியாதையை அவருக்குச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. கடலை எண்ணெய் மில் வைத்திருந்தார். கால்பந்து டீமும் வைத்திருந்தார். மில்லில் கூலி வேலை பார்த்தவர்களில் ஓடத் தெரிந்தவர்களாகப் பொறுக்கிச் சேர்த்த டீம். ராஜகிரி மலைக்குக் கீழே, எதைப் போட்டாலும் விளையாத அவருடைய நிலம்தான் கிரவுண்டு. பனியன் அவர் கொடுத்தது, கோல் கம்பம் அவர் நட்டது. அறுபதுகளில் எங்களுக்கு வேறு என்ன இருந்தது? டூரிங் டாக்கீஸில் படம் மாறப் பத்து நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமையானால் சிங்கவரத்திலிருந்தும் பனமலைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். நான் கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, கேட்பார் இல்லை. பந்துக்குக் காற்றடிப்பது நான். வேலியோரம் நின்று கத்துவதிலும் முதல் ஆள் நான்தான்.

காற்றடிப்பது என்றால் அதிலும் ஒரு கூத்து உண்டு. அந்தக் காலத்துப் பந்து இரண்டு பாகம்: வெளியே தோல், உள்ளே ரப்பர் பிளாடர். பிளாடரைத் தோலுக்குள் நுழைத்து, ஊதி, நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். தோலை எங்களிடம் கொடுத்துவிட்டு, பிளாடரை மட்டும் மில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வார். ஞாயிறுதோறும் நாங்கள் நாலைந்து பேர் போய் நிற்க வேண்டும். அவர் பிளேடால் நகம் வெட்டிக்கொண்டிருப்பார். பத்து விரலும் முடிகிற வரை நிமிர மாட்டார்.

"ஆடியே ஆகணுமா? நீங்களே சொல்லுங்க."

"ஆடணும் மொதலாளி."

"நான் ஒண்ணும் உங்கள ஆடச் சொல்லலியே?"

"இல்லீங்க. நாங்களாத்தான் ஆடறோம்."

இதை வாயால் சொன்ன பிறகுதான் சாவி திரும்பும். எதற்கு இந்தச் சடங்கு என்று எங்களுக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. டீமில் பின்னால் நின்று ஆடிய ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவன் மனைவி கைக்குழந்தையோடு மில் வாசலில் வந்து அழுதாள். அவர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். "அம்மா கேக்குது பாருங்க. நான் ஆடச் சொன்னேனா? நீங்களே சொல்லுங்கப்பா" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு "இல்லம்மா, அவரு சொல்லல" என்றோம். அவள் எங்களைக் காறித் துப்பிவிட்டுப் போனாள். அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ஆள் அவர். தன் கையில் அழுக்குப் படாது. நம் விரலை எடுத்து நம் கண்ணைக் குத்துவார்.

மாசி மாதத்துப் போட்டியில் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம். விழுப்புரத்துக்காரர்கள் எதிரே. பாதி ஆட்டத்தில் ஒரு கோல் எங்களுக்கு முன்னணி. போட்டது ஏழுமலை. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் கடலை மூட்டை சுமந்தவன், வெறுங்கால் ஆட்டக்காரன், இடது காலால் அடித்தால் கோல்காரன் கையைத் தூக்குவதற்குள் பந்து உள்ளே கிடக்கும். எட்டாவது வரை படித்தவன். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டான். அவன் கால் பேசினால் எங்களுக்குப் போதும்.

பாதி ஆட்டம் முடிந்து எலுமிச்சை சப்பிக்கொண்டிருந்தவர்களிடம் முதலாளி வந்தார். கோல் கம்பத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பார். எழுந்து மெதுவாக நடந்து வந்தார்.

"மில்லுல லாரி வந்து நிக்குது. புண்ணாக்கு ஏத்தணும். பொழுது சாஞ்சா டிரைவர் பூடுவான். மூட்டை ஏத்தணுமா, பந்து ஆடணுமா? நீங்களே சொல்லுங்க."

கூலிக்காரன் என்ன சொல்வான்? "ஏத்தறோம் மொதலாளி" என்று நாலு பேர் பனியனோடு நடந்தார்கள். அதில் ஏழுமலையும் ஒருவன். மிச்சம் ஏழு பேர் ஆடி ஐந்து கோல் வாங்கினோம். அன்றைக்கு நான் அழுதேன். தடிமாடு மாதிரி வளர்ந்தவன், வேலிக்கல்லில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவரோ தோற்றவர்களைப் பார்த்து, "போனவங்க அவங்களாத்தான் போனாங்க, பாத்தீங்க இல்ல?" என்று கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு ஊர் பொங்கிவிட்டது. கடைவீதித் தையல்காரர் ஒருவர், என்னைவிடப் பெரிய வெறியர், மூங்கிலில் பாடை கட்டி, வைக்கோல் பொம்மைக்கு முதலாளியைப் போலவே வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டு, மேளத்தோடு கிரவுண்டைச் சுற்றிக் கொண்டுவந்தார். முன்னால் கொள்ளிச்சட்டி தூக்கியவரும் அவர்தான். "ஐயோ மொதலாளி, பூட்டியே" என்று ஒப்பாரி. நாங்கள் மாரடித்துச் சிரித்தோம். பிள்ளையில்லாத மனுஷன் அவர். அது தெரிந்துதான் செய்தோம். தப்பா என்றால் தப்புதான். நல்லா இருந்ததா என்றால், ரொம்ப நல்லா இருந்தது.

அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. பாடை பக்கத்தில் வந்ததும் தையல்காரரைப் பார்த்து, "எனக்குப் புள்ளை இல்லன்னு நெனச்சினு இருந்தேன். ஊரு முன்னால கொள்ளி தூக்கிட்ட. இனிமே நீதான்பா எனக்குப் புள்ளை" என்றார். அதோடு விட்டாரா? பார்க்கிற இடத்திலெல்லாம், பஸ் ஸ்டாண்டில், சந்தையில், கோயில் வாசலில், "இன்னாடா மவனே, சாப்டியா?" என்று ஆரம்பித்துவிட்டார். ஒருத்தரையும் 'டா' போடாத மனுஷன் இவரை மட்டும் போட்டார். தையல்காரருடைய நைனா அப்போது உயிரோடு இருந்தார். நான் இருக்கும்போதே எவனுக்கோ கொள்ளி தூக்கினவன் என்று மகனோடு பேச்சை நிறுத்தினவர், சாகிற வரை பேசவில்லை.

அந்த வருஷம்தான் திண்டிவனத்திலிருந்து ஒரு பஸ் முதலாளி காரில் வந்து இறங்கினார். கிரவுண்டையும் டீமையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். எட்டாவது படித்தவனுக்குக் கண்டக்டர் வேலை, மற்றவர்களுக்கு ஷெட்டில் வேலை, வெளியூர் ஆட்டத்துக்கு டீம் போக ஒரு பஸ், பார்க்க வருகிறவர்களுக்கு இன்னொரு பஸ். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழுமலைக்கு இது வாழ்க்கை. சீயமங்கலத்தில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். அவனுக்கும் பிடித்துப்போய், சந்தைக்கு வரும்போதெல்லாம் அவளைப் பார்த்துவிடுவான். மூட்டை தூக்குகிறவனுக்குக் கொடுக்க மாட்டேன், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வரட்டும் என்று பெண்ணின் நைனா சொல்லிவிட்டார். அதற்கும் ஆடி வரைதான் கெடு.

முதலாளி என்ன சொன்னார்? "பாக்கலாம்" என்றார். தை பிறக்கட்டும் என்றார். தை பிறந்தது. பெண்சாதி ஊரிலிருந்து வரட்டும் என்றார். அந்த அம்மாள் வந்தாள். ஒரு சாயங்காலம் டீக்கடைப் பக்கம் வந்து, "வித்துட்டேன்னே வெச்சுக்கோங்களேன்" என்றார். நாங்கள் சரவெடி வாங்கிக் கொளுத்தினோம். மறுநாள் காலையில், "நான் வித்துட்டேன்னு சொன்னேனா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்கிறார். திண்டிவனம் பக்கமிருந்து ஒரு கார் வந்தால் போதும், பத்துப் பேர் பின்னால் ஓடுவோம். பாதி நேரம் அது கோட்டை பார்க்க வந்தவர்களின் காராக இருக்கும். சித்திரை போய் வைகாசியும் வந்தது. ஏழுமலை ஒருநாள் என் கடைக்கு வந்து, "விப்பாராண்ணா?" என்று கேட்டான். வித்துதான்டா ஆகணும் என்றேன்.

முப்பது பேர் சேர்ந்து மில்லுக்குப் போனோம். இன்றைக்கு ஒரு பதில் தெரியாமல் நகர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டோம். அவர் நகம் வெட்டி முடித்தார்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. ஆத்தாகிட்ட பூ கட்டிப் பாத்துடலாம். அவ சொன்னா சரிதானே?"

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, மனசு ரெண்டாக இருந்தால் இதுதான் வழி. ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கேட்கிறவர் கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொள்வார். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள்.

"என் ஆளு கட்டினா அப்பால என்னச் சொல்லுவீங்க. உங்கள்ல ஒருத்தரே கட்டட்டும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

முப்பது கையும் என்னைக் காட்டின. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மடையன்.

வெள்ளிக்கிழமை காலை. அம்மன் கோயில் முன்னால் நிற்க இடமில்லை. நான் கோயிலுக்குப் பின்புறம் தனியாக உட்கார்ந்து கட்டினேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்தேன். அரளியை மடியில் செருகிக்கொண்டேன். பயம் இல்லாமலா? கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, ஊருக்காகத்தான், கண்டுக்காத" என்றேன். பிறகு நல்ல பிள்ளை மாதிரி கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தேன்.

அவர் கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை. கூட்டம் எழுப்பிய சத்தத்தில் கோயில் ஆலமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிவிட்டது. ஏழுமலையைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பல்லைப் பார்த்தேன்.

முதலாளி தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தார். கண்ணைத் துடைத்தார். சத்தம் அடங்கும் வரை காத்திருந்தார்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. இந்த டீமை என் கையிலயே வச்சுக்கட்டுமா தாயேன்னு கேட்டேன். வெள்ளை குடுத்துட்டா."

சிவப்பு வந்திருந்தால் விற்கட்டுமா என்று கேட்டதாகச் சொல்லியிருப்பார், அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். "ஏமாத்தறான், விடாதீங்க" என்று தையல்காரர் கத்தினார். "கேள்விய வாய் விட்டுச் சொல்லிட்டு மறுபடியும் போடு" என்று நாலா பக்கமும் கிளம்பியது.

"போடலாமே" என்றார் அவர். "எனக்கு இன்னா. மொதல்ல அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சு, செவப்பு சரியா இருக்குதான்னு பாத்துட்டுப் போடலாம். பூ கட்டினவரு இன்னா சொல்றாரு?"

என்னைப் பார்த்தார். அவர் பின்புறம் வந்து எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. எட்டு வருஷமாக எங்களைத் தெரியும் அவருக்கு. ஊர் அம்மனிடமே திருட்டுத்தனம் செய்தவன் என்று தெரிந்தால் அந்தக் கூட்டம் என் தோலை உரித்திருக்கும்.

"ஒரு பொட்டலம் எடுத்தப்பறம் இன்னொண்ணப் பிரிக்கறது மொற இல்லீங்க" என்றேன். "மறுபடியும் கேக்கறதும் தப்பு."

"கேட்டுக்கோங்க. உங்க ஆளே சொல்றாரு" என்றார். மிச்சப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "நீயே கொண்டு போயி கொளத்துல போட்டுடுப்பா" என்றார். ஊரே பார்க்க நான் போய்ப் போட்டேன்.

அவ்வளவு பாடுபட்டுக் கையில் வைத்துக்கொண்ட டீமை என்ன செய்தார் என்கிறீர்கள்? இரண்டே வருஷத்தில் கோல் கம்பத்தைப் பிடுங்கிவிட்டுக் கடலை போட்டார். அதுவும் முளைக்கவில்லை. அவருக்குக் கடலையும் வேண்டாம், டீமும் வேண்டாம். நாங்கள் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பூ கட்டிய பத்தாம் நாள், ஆடி பிறப்பதற்கு இன்னும் நாள் இருந்தபோது, திண்டிவனத்துக்காரர் ஆள் அனுப்பினார். டீம் போனால் போகட்டும், அந்தப் பையன் ஏழுமலை மட்டும் வரட்டும், கண்டக்டர் வேலை தயார் என்று செய்தி. ஏழுமலை முதலாளியிடம் போய் நின்றிருக்கிறான். அவர் தடுக்கவில்லை. அவர் எதைத்தான் தடுத்தார்?

"போறதுன்னா தாராளமா போப்பா. ஆத்தா டீமை என் கையில வச்சுக்கன்னு சொன்னா. நீ டீம்ல சேத்தியா இல்லியா, அது எனக்குத் தெரியாது. பூ கட்டினவரப் போயி கேளு."

அவன் நேரே என் கடைக்கு வந்தான். நான் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நான் போலாமா? ஆத்தா வாக்க மீறினதா ஆவுமா?"

'போடா' என்ற ஒரு வார்த்தை போதும். நான் செய்த திருட்டைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. டீம் வேற, நீ வேறடா, ஓடு என்றால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பான். முதலாளி என் வாயைக் கட்டிப்போடவில்லை. பூ விஷயம் வெளியே வரும் என்ற பயமும் அந்த நிமிஷம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலைக்காரர்களோடு ஆட்டம் இருந்தது. இவன் போய்விட்டால் கோல் போட ஆள் ஏது? அதுதான் என் மண்டையில் ஓடியது. வேறு ஒன்றும் இல்லை. இதை இதுவரை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

"நீ இல்லாம டீம் ஏதுடா?" என்றேன். "நீயும் சேத்திதான். சாமி விசயம், வெளயாடாத."

தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் டியூபிலிருந்து கிளம்பிய குமிழையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவங்க வீட்ல சொல்லிடணும்ணா, வேற எடம் பாத்துக்கட்டும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க பூ கட்டினவரு, நீங்க வந்து சொன்னா நம்புவாங்க" என்றான்.

என் கடை சைக்கிளிலேயே சீயமங்கலத்துக்குக் கிளம்பினோம். முதலில் அவன்தான் மிதித்தான். கொஞ்ச தூரம் போனதும், ஞாயிறு ஆட்டம் இருக்குது, கால் நோவும், பின்னால உக்காரு என்று சொல்லி நான் வாங்கி மிதித்தேன். அவன் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டான்.

பெண்ணின் நைனா களத்து மேட்டில் இருந்து வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மன் முன்னால் என் கையால் கட்டிய பூ, வெள்ளை வந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமியே சொன்னப்பறம் நாம யாருப்பா?" என்றார். அப்புறம் உள்ளே பார்த்து, "வெய்யில்ல வந்திருக்காங்க, எதுனா எடுத்துனு வா" என்றார்.

அந்தப் பெண்தான் இரண்டு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். கண் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். ஏழுமலையைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். அவன் சொம்பைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் நகர்த்தி வைத்தான். அவ்வளவு தூரம் மிதித்து வந்தது நான்தானே, தொண்டை வறண்டு கிடந்தது. அவன் பங்கையும் எடுத்துக் குடித்தேன்.